ஸ்டியரிங் வெட்டினால் பேலன்சிங் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது. சாலையும் ஆண்டுக்கு இருமுறை குழி விழுகிறது. களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே மீன், பூ, வாழைக்குலை, ரப்பர் ஷீட் ஏற்றி ஓடும் பிக்கப் வண்டிகளில், முன்பக்கம் இரு சக்கரத்தையும் தாங்கும் ஒரே அச்சும் பட்டையும் (தகடு அடுக்கிய ஸ்பிரிங்) உள்ளவற்றுக்கு வரும் ஆபத்தான கோளாறு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். உடனே ஸ்டியரிங் கையைப் பறித்துக்கொண்டு இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கும். டேஷ்போர்டு அதிரும், பக்கக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை அது நிற்காது.

இதற்கு முதலில் செய்யப்படுவது சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங், அடுத்து சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். இரண்டும் முடிந்து ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். காரணம், இவை வேறு நோய்க்கான மருந்து. குறிப்பிட்ட ஒரு வேகத்தில், 80க்குப் பக்கத்தில், ஸ்டியரிங் மெல்லிசாக அதிர்ந்து வேகம் கூடினால் குறைகிறது என்றால் பேலன்சிங், ரிம் வளைவு அல்லது டயர் வீக்கத்தைப் பார்க்கலாம். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டினாலே பாதி தெரிந்துவிடும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிரம்மையோ டிஸ்க்கையோ பார்க்க வேண்டும். பள்ளத்தில் அடித்ததும் தொடங்கித் தானாக நிற்காத ஆட்டத்துக்குக் காரணம், ஏதோ ஓர் இணைப்பில் விழுந்த தேய்மானம். ஒரு பக்கம் திரும்பிய சக்கரம் நடுவுக்கு வரும்போது அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அது தாண்டி அடுத்த பக்கம் போகும், அங்கிருந்து திரும்பவும் இங்கே வரும்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் ஒரு டார்ச்சும் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன்சக்கரங்கள் தரையில்தான் இருக்க வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஜாக்கியில் தூக்கிவிட்டால் பாரம் இல்லாத இணைப்பு தன் ஆட்டத்தைக் காட்டாது. பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கைக் கால் சுற்றுக்கும் குறைவாக இடம் வலம் என்று விடாமல் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ஒவ்வோர் இணைப்பிலும் விரலைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். பாதி விரல் ஒரு பாகத்திலும் மீதி அடுத்த பாகத்திலும் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் தட்டலும் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் உள்ள கியர் பெட்டி) சேசிஸில் அசைகிறதா, அதன் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் உண்டா, பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்ம் என்ற கையின் நட்டு இறுக்கமா, அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கின் இரண்டு முனைகள், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் இரண்டு முனைகள், பட்டையின் முன் கண் (முனை வளையம்) புஷ், பின்முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளின் புஷ் என்று வரிசையாகப் பாருங்கள். டை ராடைக் கையால் உருட்டினால் கொஞ்சம் உருளும், அது குற்றமில்லை. முனை மேலும் கீழும் ஆடினால் மாற்றியே ஆக வேண்டும்.

அதன்பிறகு ஒவ்வொரு முன்சக்கரமாகத் தூக்கி, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்து அச்சாணி). பேரிங் என்றால் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) சுற்றிக்கொண்டே இறுக்கி, கையேட்டில் சொன்ன அளவு தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். கிங் பின் தேய்ந்திருந்தால் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. புஷ்ஷும் புதிதாகப் போட்டு, ரீமர் (ஓட்டையை அளவாகக் குடையும் கருவி) ஓட்டி, கிங் பின் கையால் தள்ளும்போது நுழையும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எமரித்தாள் சுற்றித் தேய்த்துப் போடுகிற வேலை ஆறு மாதம்கூட நிற்காது. புஷ்ஷின் கிரீஸ் ஓட்டை, கிரீஸ் ஏற்றும் நிப்பிளுக்கு நேராக அமைகிறதா என்று பொருத்தும்போதே பாருங்கள். இது விலகிப் போய், கிரீஸே ஏறாமல் புது கிங் பின் எரிந்துபோவது உண்டு.

பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டைத் தகடுகளை நடுவில் பிடிக்கும் சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். முன் கண் போல்ட்டிலிருந்து ஹப் நடுவரை இரு பக்கமும் டேப் பிடித்தால் வித்தியாசம் தெரியும். பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் இறுக்கி, 300 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கலாம்.

லோடு தாங்கட்டும் என்று பின்னால் பட்டை கூட்டிய வண்டிகள் காலியாகத் திரும்பும்போது ஆடுவதற்கும் காரணம் உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் கிங் பின்னின் பின்சாய்வு, அதாவது கேஸ்டர், குறைகிறது. சக்கரத்தை நேராக இழுத்து வைப்பது அந்தச் சாய்வுதான். கேஸ்டரை அளக்காமல் டோவை (இரு முன்சக்கரங்களும் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பும் அலைன்மென்ட் இங்கே உதவாது. டை ராடு முனை மாற்றிய வண்டிக்கு டோ கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஸ்டியரிங் டாம்பர் (ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) உள்ள வண்டிக்குப் புது டாம்பர் போட்டால் ஆட்டம் அடங்கும். ஆனால் தேய்ந்த இணைப்பு அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முறுக்கி ஆட்டத்தை மறைப்பது அதைவிட மோசம். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது.

ஓடும்போது ஆட்டம் வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் நுழைக்காமல் இரு கையாலும் பிடித்து, வண்டி தானாக வேகம் குறைந்து ஆட்டம் நின்றதும் ஓரங்கட்டுங்கள்.

நம் கடலோர வண்டிகளுக்கு உப்பும் எதிரி. பூட் (ரப்பர் உறை) கிழிந்த முனைக்குள் மணலும் உப்பு நீரும் போனால் சில மாதங்களில் தீர்ந்தது. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே, பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வரும்வரை கிரீஸ் கன் அடிக்க வேண்டும். 8 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். அதற்குள் நான்கு மழைக்காலம் கடந்துவிடும். எஃப்.சி.க்குக் காத்திராமல் ஒவ்வொரு மழை முடிந்ததும் ஓட்டுநர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகங்களில் வண்டிகளின் அடிப்பாகம் கழுவ ஒரு நன்னீர்க் குழாயும், ஆள் இறங்கிப் பார்க்க ஒரு கான்கிரீட் குழியும் அமைக்க மீன்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
மார்த்தாண்டம்