உதய நேரத்தோடு கடல் ஏறும் நேரமும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் சூரிய உதயம், அஸ்தமனம், திதி, ராகுகாலம் வருகின்றன. அதே கட்டத்தில் கடல் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் ஒரு வரி சேர்த்துப் போட வேண்டுகிறேன். விடுமுறையில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கும் கடலூர் சில்வர் பீச்சுக்கும் கேமராவோடு வருகிறவர்கள் உதய நேரத்தை நிமிடக் கணக்காகத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைப் பார்த்து வருவதில்லை.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உயர வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் பாவ்நகர்ப் பக்கம் போலப் பத்து மீட்டர் இல்லை. ஆனால் சரிவு குறைந்த இடத்தில் அந்த ஒரு மீட்டரே பத்து, இருபது மீட்டர் அகலத்துக்கு ஈரமணலை விட்டுவைக்கும். வானத்தின் சிவப்பு கண்ணாடி போல விழுவது அந்த மணலில்தான். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம். மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 4.20-க்கு வற்று என்றால் நாளை 5.10, நாளை மறுநாள் 6 மணி. மூன்று நாள் தங்குகிறவர் எந்த விடியலுக்கு எழ வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வித்தியாசம் அதிகம். அஷ்டமி, நவமி வாக்கில் கடல் அவ்வளவாக நகராது.

கேமராவைத் தாங்கும் மூன்று கால் ட்ரைபாட் வைப்பதில்தான் பலருக்கும் படம் கெடுகிறது. மெல்லிய அடிக்காலை முதலில் முழுதாக இழுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டும் மூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். மேல்காலை மட்டும் இழுத்தால் அவை நனைந்து, உப்பும் மணலும் ஏறி இறுகிவிடும். அலை திரும்பும்போது ஒவ்வொரு காலைச் சுற்றியும் கிண்ணம் போலக் குழி பறிக்கும், ட்ரைபாட் ஒரு நூல் இறங்கும். ஷட்டரை அரை வினாடி திறந்து எடுக்கும் படம் கலங்குவதற்கு அது போதும். இரண்டு மூன்று அலை நனைத்துப் போகும்வரை பொறுத்து, ஒவ்வொரு முறையும் கையால் அழுத்தி உள்ளே இறக்கிவிட்டால் நிலைக்கும். பிறகு அலை பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அரை முதல் ஒரு வினாடி திறந்து வைத்தால் நுரை கோடு கோடாக விழும். முப்பது வினாடி வைத்தால் அலையே இருக்காது, புகைதான் இருக்கும். எனக்கு அது நம் கடலாகத் தெரிவதில்லை.

ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கேமராவைக் கரையில் உடனே திறந்தால் லென்ஸ் பனி பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும். லென்ஸில் தெறித்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகே துடைக்க வேண்டும்.

கடற்கரைச் சாலைப் பாறைகளில் பச்சைப்பாசி எதுவரை படிந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்து போகிறது என்று அர்த்தம். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அங்கே கால் வைக்கக் கூடாது. கெடிலம், சுண்ணாம்பாறு முகத்துவாரங்களில் ஆபத்து வேறு மாதிரி. வற்றில் தெரியும் மணல்திட்டில் கடலைப் பார்த்து நிற்கிறவருக்கு, ஏற்றத்தின்போது முதுகுப் பக்கத்துப் பள்ளம்தான் முதலில் நிறையும். திரும்பிப் பார்க்கும்போது வந்த வழி இடுப்பளவு தண்ணீரில் இருக்கும். வற்று முடிவதற்குள் திட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடக் கரையேறும். அப்போது இரவில் ஃபிளாஷும் டார்ச்சும் வேண்டவே வேண்டாம்.

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் கடல் ஏறும், வற்றும் நேரங்களைக் கணித்து ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதைப் பார்த்து அன்றைய ஏற்றம் இரண்டு, வற்று இரண்டு என நான்கு நேரங்களை, உதய நேரத்துக்குக் கீழேயே போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.