ஒட்டகம் ஏற்றிய கடற்படைக் கப்பல்

அன்புள்ள ரவி,

பையனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதனால் வீட்டோடு உட்கார்ந்து பழைய கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பிடித்திருக்கிற பைத்தியம் அமெரிக்கக் கடற்படையின் சரக்குப் பாய்க்கப்பல் ஒன்று. பெயரே 'சப்ளை'! 1846-ல் மெக்சிகோ போருக்காக வாங்கியது, நாலே நாலு பீரங்கி. மற்ற கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வேலை என்றாலும் அதன் தலையில் கட்டாத காரியமே இல்லை. சாக்கடலை அளக்கப்போன அமெரிக்கக் கடற்படை அதிகாரி லிஞ்ச்சையும் அவருடைய உலோகப் படகுகளையும் 1848-ல் பாலஸ்தீனக் கரையில் இறக்கிவிட்டதே இதுதான். அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் ஜப்பான் பயணத்திலும் கூடப் போயிருக்கிறது.

உச்சம் ஒட்டகம்தான். டெக்சாஸ் பக்கத்து வறண்ட நிலத்தில் ராணுவச் சுமை தூக்க ஒட்டகம் வேண்டுமென்று போர் அமைச்சர் ஜெபர்சன் டேவிஸ் விடாமல் கேட்டு, 1855-ல் 30,000 டாலர் வாங்கிவிட்டார். வாங்கப் போனவர் மேஜர் வெய்ன், கப்பலுக்குத் தலைவர் டேவிட் போர்ட்டர். 1856 பிப்ரவரியில் துருக்கியிலிருக்கும் ஸ்மிர்னாவிலிருந்து (இப்போது இஸ்மிர்) கிளம்பினார்கள். புயல் அடித்தால் அத்தனை ஒட்டகத்தையும் மண்டிபோட வைத்துக் கட்டிவிடுவார்களாம். ஒன்று ரொம்ப உயரம், அதன் திமிலுக்காகத் தளத்தையே வெட்ட வேண்டியதாயிற்று! ஏறியது 33, வழியில் சில செத்து, சில குட்டி போட்டு, மே மாதம் டெக்சாஸ் துறைமுகமான இண்டியனோலாவில் இறங்கியது 34. மாட்டுச் சந்தையில்கூட இப்படி லாபம் பார்க்க முடியாது. அடுத்த நடையில் இன்னும் 41.

அப்புறம் உள்நாட்டுப் போர். டேவிஸ் பிரிந்துபோன தென் மாநிலங்களின் அதிபராகிவிட, அவர் ஒட்டகம் கொண்டுவரச் சொன்ன அதே கப்பல் அவருக்கு எதிராகவே நின்று, 1862 ஜனவரியில் தென் தரப்புக்கு ஆயுதம் ஏற்றிவந்த 'ஸ்டீபன் ஹார்ட்' என்ற கப்பலைப் பிடித்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் புளோரிடாவின் பென்சகோலா கடற்படைத் தளம் தென் தரப்பிடம் போனபோது, அங்கிருந்தவர்களைக் குடும்பத்தோடு ஏற்றி நியூயார்க் சேர்த்த 'சப்ளை'யின் கேப்டன் வாக் மேல் உத்தரவை மீறியதாக ராணுவ விசாரணை வேறு. மனுஷன் செய்தது சரிதான், எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கடைசிக் காலத்தில் வியன்னா, பாரிஸ் கண்காட்சிகளுக்குச் சாமான் சுமந்துவிட்டு, 1884-ல் விலைக்குப் போய்விட்டது.

நீ துறைமுகத்தில் காலம் தள்ளியவன், சொல்லு: முரண்டு பிடிக்கிற ஒட்டகத்தைப் படகிலிருந்து கப்பலுக்கு எப்படி ஏற்றுவாய்? அண்ணிக்கு என் வணக்கம்.

உன்,
சுந்தரம்