பழைய ரேஷன் கார்டைத் தூக்கிப் போட வேண்டாம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைப் பார்த்துக் கையொப்பமிட வந்தபோது உங்களில் பலர் ஒரே குறையைச் சொன்னீர்கள். சமூக அறிவியல் நோட்டில் வினா விடை குறைந்துவிட்டது, மங்கலான ஜெராக்ஸ் தாள்கள்தான் ஒட்டியிருக்கின்றன, பாடம் நடக்கிறதா இல்லையா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பாடம் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, வாரத்தில் ஒரு வரலாற்றுப் பாடவேளையை முதன்மைச் சான்றுகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். கல்வெட்டு, நாட்குறிப்பு, பழைய கடிதம், பத்திரம் என்று, அந்தந்தக் காலத்தவரே விட்டுச்சென்றவற்றைப் பிள்ளைகள் நேராகப் படிக்கிறார்கள். எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்ற மூன்று கேள்விகள்தான் அந்தப் பாடவேளைக்கு முதலீடு.

ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை நீங்களும் படித்ததுதான். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருப்பீர்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அந்த விடைக்கு முன்பாக, உத்திரமேரூர்க் கல்வெட்டின் வரிகளையே கொடுத்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் அவ்வூர்ச் சபை செய்த தீர்மானங்கள் அவை. கூடவே இன்றைய தமிழில் பொருளும் தந்தோம். எழுத்துகளில் புள்ளி இல்லை, நடுநடுவே வடமொழிச் சொற்களுக்கான கிரந்த எழுத்து. முதல் பத்து நிமிடம் முனகல்தான்.

பிறகு சூடு பிடித்தது. போட்டியிட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். கூடுதல் வேதப் படிப்பு உள்ளவருக்கு மட்டும் அதில் பாதி போதும். சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவையும் வேண்டும். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலி என்றால் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு மாணவி, "அப்படியென்றால் எங்கள் தெருவில் ஒருவர் பெயரும் குடத்துக்குள் போயிருக்காதே, ஐயா" என்றாள். பெண்கள் பெயர் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. ஆசிரியர் பதில் சொல்லவில்லை. கல்வெட்டை மறுபடி படிக்கச் சொன்னார்.

அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினர்களுக்கும் இல்லை; யார் யார் என்று முறை சொல்லி நீள்கிறது அந்தப் பட்டியல். வகுப்பே கைதட்டியது. ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்ற விதிக்கு, கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதே என்று உடனே காரணம் கண்டுபிடித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "யாரோ ஒருவர் ஏமாற்றப் பார்த்த பிறகுதான் இப்படியொரு விதி வந்திருக்கும்" என்றான். 919-இல் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பை இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள் என்பது பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. விடை கல்வெட்டில் இல்லை. இல்லை என்று எழுதுகிறவர்களுக்கும் மதிப்பெண் உண்டு.

சோழர் பெருமையைக் குறைத்துப் பேசுகிறோமோ என்று ஒரு தந்தை வருத்தப்பட்டார். ஐயா, ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கணக்குக் காட்டாதவரை ஒதுக்கிவைத்து, அதைக் கல்லிலும் வெட்டிய ஊர் அது. யாருக்கு இடமில்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வதால் இது பொய்யாகிவிடாது.

கல்வெட்டு எல்லோரும் பார்க்க வெட்டியது. நாட்குறிப்பு வேறு வகை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்களை அடுத்த மாதம் எட்டாம் வகுப்பு படிக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைக் கட்டணமில்லாமல் படிக்கலாம். அதற்காக உங்கள் பிள்ளை அரை மணி நேரம் கைபேசி கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள்.

அரசு முத்திரை இருந்தாலும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சான்று இருக்கும். தாத்தாவின் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் நிறையப் பேர் மே, ஜூன் மாதங்களில்தான் பிறந்திருப்பார்கள்! கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. வயதுக்கு ஏற்ற தேதியை அன்றைய வாத்தியார் போட்டுக்கொண்டார். ஏழாம் வகுப்பில் ஒரு பாட்டியின் அட்டையில் பிறந்த ஆண்டு 1960. அவரோ தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருடம் பிறந்ததாகச் சொல்கிறார். அது 1964 டிசம்பர். எதை நம்புவது என்று வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து கிடக்கிறது.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, இன்லண்டு கடிதம், பஸ் டிக்கெட், கடை ரசீது, மொய் நோட்டு எதுவானாலும் நகலெடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம். நிலப் பத்திரம் என்றால் சர்வே எண்ணையும் பெயர்களையும் மறைத்துவிட்டு நகலெடுங்கள். ஆதார் வேண்டவே வேண்டாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் வகுப்பில் காட்டலாமே என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இன்று உயிரோடிருப்பவர்களின் சாதியும் குடும்ப விவரமும் இருக்கின்றன. அவை மாணவர்கள் கையில் போகக் கூடாது.

தாத்தா பாட்டியிடம் பேசி எழுதச் சொல்லும்போது, தயவுசெய்து நீங்கள் எழுதித் தராதீர்கள். கையெழுத்து மாறினால் கண்டுபிடிக்க எங்களுக்குக் கல்வெட்டு ஆய்வாளர் தேவையில்லை.

மதிப்பெண் பயம் வேண்டாம். தேர்வு பாடநூலை வைத்துத்தான் நடக்கும். விடுபட்ட வினா விடைகளை அரையாண்டுக்குள் முடித்துத் தருவது எங்கள் பொறுப்பு. பத்தாம் வகுப்பில் இந்த மாற்றம் எதுவும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பை, அந்தக் கல்வெட்டு உள்ள உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துச் செல்கிறோம். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். பஸ் கட்டணம் கட்ட இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று யாரும் சுவரில் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது. இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

தங்கள்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பரணில் ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவ வேண்டாம். பழைய காகிதங்களை லேமினேஷன் செய்யவும் வேண்டாம். இருக்கிறபடியே வைத்துவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன்.