வெறும் வயிற்றில் வேண்டாம்

அன்புள்ள சின்னா,

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்குக் கண் ஆபரேஷன் போன மாதமே முடிந்தது, சொட்டு மருந்தும் நிறுத்தியாகிவிட்டது. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவிடம் பேசும்போது நீ இதை இரண்டு முறை கேட்டாய். முதல் முறை அம்மா சொன்னாள், நீயும் "நல்லதும்மா" என்றாய். பத்து நிமிஷம் கழித்துப் புதிதாகக் கேட்பதுபோலத் திரும்பக் கேட்டாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்றரை. "பிள்ளைக்கு வேலை அலுப்பு" என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அதை விடு. தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகெல்லாம் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. இரண்டு மாதம் கழித்து நேற்றுதான் வீட்டில் நல்ல வஞ்சிரம். அக்கா தன் பெரியவளை வியாசர்பாடியில் கால்பந்து பயிற்சிக்கு அனுப்புகிறாள். மாடியில் தண்ணீர்த் தொட்டியை மாற்றிவிட்டேன். இன்னும் என்னவோ எழுத நினைத்தேன், மறந்துபோயிற்று. நீ காலையில் சாப்பிடுகிறாயா?

சித்திரையில் நாங்கள் பெங்களூர் வந்தபோது நீ பீர் காய்ச்சுகிற இடத்துக்குக் கூட்டிப்போனாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆறு டேங்க், ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. மரப்பலகையில் ஆறு சின்ன கிளாஸ் வைத்து என் முன்னால் தள்ளினாய். சித்தப்பா போன அந்த ஆடிக்குப் பிறகு நான் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ செய்தது என்பதால் ஆறையும் ருசி பார்த்தேன்.

அங்கே பாட்டுச் சத்தத்தில் நாம் போட்ட சண்டை எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. "நைனா, உங்க கம்பெனி பீர் எல்லாம் ஒரே தண்ணி. லேபிளைக் கிழிச்சிட்டா எது எதுன்னு உங்களுக்கே தெரியாது" என்றாய். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. 27 வருஷம் மூலக்கடையில் கம்பெனி பஸ் ஏறினவன் நான். இப்போது சொல்கிறேன், கேள்.

ஒரே மாதிரி இருப்பதை நீ குறை என்கிறாய். எங்களுக்கு வேலையே அதுதான். கோடையில் போர்வெல் தண்ணீர் ஒரு மாதிரி, மழைக்காலத்தில் வேறு மாதிரி. பார்லி ஒரு லாட் நன்றாக இருக்கும், அடுத்த லாட் சரியிருக்காது. அத்தனையையும் சரிக்கட்டி, மே மாத வெயிலில் லாரியில் போய், திருநெல்வேலியில் ஒருவன் திறக்கும்போது அதே ருசி இருக்க வேண்டும். எங்கள் பீர் லேகர் வகை. அதில் குறையை ஒளிக்க இடமே கிடையாது. லேசான சரக்கு, துளி வெண்ணெய் வாசனை வந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். உன் கறுப்பு பீரில் வறுத்த மால்ட் வாசனையே பாதியை மறைத்துவிடும். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

எங்கள் கெமிஸ்ட் ஒரு கதை சொல்வார். இன்றைய செக் நாட்டில் இருக்கிற பில்சன் ஊரில் 1838-ல் பீர் கெட்டுப்போய், ஜனங்கள் கோபத்தில் 36 பீப்பாயை ஊர் மண்டபத்துக்கு முன்னால் கொட்டினார்களாம். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு புது ஆலை கட்டி, ஜெர்மனிப் பக்கம் பவேரியாவிலிருந்து ஜோசஃப் க்ரோல் என்பவரைக் கூட்டிவந்தார்கள். 1842-ல் அவர் வடித்த பொன்னிற லேகர்தான், இன்றைக்கு உலகம் முழுக்கப் பாட்டிலில் விற்கிற பீரில் பெரும்பாலானவற்றுக்குத் தாய். ஒரு தடவை நல்லது, ஒரு தடவை கெட்டது என்று குடித்து அலுத்த ஜனங்கள் கேட்டு வாங்கினது அது.

அரிசி சேர்க்கிறோம் என்று கேலி செய்தாய். அரிசி பீரை லேசாக்கும், காரமாகச் சாப்பிடுகிறவனுக்கு அது இதம். விலையும் குறையும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனுக்கும் கட்டுப்படியாகிற பீர் ஒன்று வேண்டாமா? உன் கடையில் ஒரு கிளாஸ் விலையில் இங்கே இரண்டு பாட்டில் வரும்.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், என்று பெருமையாக ஒன்றை நீட்டினாய். அது யாருக்காகச் செய்தது? லண்டனில் ஹாட்ஜ்சன் ஆலை, அப்புறம் பர்ட்டன் ஆலைகள், இங்கே இருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பல் கப்பலாக அனுப்பின சரக்கு. மாசக்கணக்கில் கடலில் வரும், கெடாமல் இருக்க, கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவைக் கூட்டிப் போட்டார்கள். அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், நம் ஆட்கள் மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். நீ கிராஃப்ட், சின்ன ஆலைக் கைவினை என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிற அந்த பீரும் அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிச் சரக்குதான்டா. நம் கரையில் இறங்கினதுதான்.

நான் பார்த்த வேலையை நீ ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. லைட் இன்ஸ்பெக்‌ஷனில் எட்டு வருஷம் உட்கார்ந்தேன். பின்னால் வெள்ளை வெளிச்சம், முன்னால் கழுவின காலி பாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். கடையில் திரும்ப வாங்கின பாட்டில்கள். பீடித் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், கரப்பான் இருக்கும், வாய் விளிம்பு தெறித்திருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுவார்கள், அதற்கு மேல் கண் நிற்காது. பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெள்ளையாக ஒரு வளையம் தேய்ந்திருக்கும் பார்த்திருக்கிறாயா? பாட்டிலோடு பாட்டில் உரசி உரசி வருவது. வளையம் தடித்தால் பாட்டில் பல தடவை போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டது, பாட்டிலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்கிற பாஸ்சரைசரில் 60 டிகிரி சூட்டில் சில சமயம் பட்டென்று வெடிக்கும். என் புருவத் தழும்பு அதில் வந்ததுதான். நீ குடிக்கிற பீர் டேங்கிலிருந்து நேராகக் கிளாஸுக்கு வருகிறது. எங்கள் பீர் அத்தனை பேர் கண்ணையும் தாண்டித்தான் வெளியே போனது.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் அந்தக் கோதுமை பீர், சின்னா, அது நன்றாக இருந்தது. அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, தப்பு என்மேல்தான். கலங்கலாக இருக்கிறதே என்று முதலில் சந்தேகப்பட்டேன். மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த வாழைப்பழ வாசனை, அடியில் லேசாகக் கிராம்பு. பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை, எல்லாம் ஈஸ்ட் பண்ணுகிற வேலை என்று நீ சொன்னாய். எங்கள் ஆலையில் வாழைப்பழ வாசனை வந்தால் கெமிஸ்ட் ஓடிவருவார், ஈஸ்டுக்குச் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் 27 வருஷமாக விரட்டின வாசனையை நீ கூப்பிட்டு உட்காரவைத்து ருசியாக்கியிருக்கிறாய். அது பெரிய வித்தை. ராத்திரி படுத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன், "என் பிள்ளை என்னைத் தாண்டிட்டான்" என்று.

கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கவைத்த பணத்துக்கு அந்த மணலி வேலையை விட்டிருக்க வேண்டுமா என்று இன்னும் சில நாள் மனம் கேட்கும். தெருவில் யார் கேட்டாலும் "ஃபுட் லைன்ல இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்லமாட்டேன். பீர் காய்ச்சுகிறான் என்றே சொல்வேன்.

டேங்கைக் கழுவும்போது ஒருபோதும் தலையை உள்ளே விடாதே. கார்பன் டை ஆக்ஸைடு அடியில் தங்கும், கண்ணுக்கும் தெரியாது, இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். கூட ஒரு ஆள் இல்லாமல் இறங்காதே. காலையில் வெறும் வயிற்றில் ருசி பார்க்காதே. பத்து மணிக்கே டேங்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து முழுக்கக் குடித்தாய். "சாப்பிட்டியா" என்றதற்கு "அப்புறம் நைனா, இது வேலை" என்றாய். பீரைத் துப்பினால் கசப்பு முழுதாகத் தெரியாது, தொண்டையில் இறங்கினால்தான் தெரியும் என்றாய். உண்மைதான், எங்கள் கெமிஸ்டும் விழுங்குவார். ஒரு வாய் விழுங்குவார், மீதியைக் கொட்டிவிடுவார். ருசி பார்க்க ஒரு வாய் போதும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் பார்.

கிராஃப்ட் பீர் குடிக்கிறவன் ருசிக்காகக் குடிக்கிறான், போதைக்காக இல்லை என்று சொன்னாய். அந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

சித்தப்பா பிராந்தியை விடுகிறேன் என்று வடிவுடையம்மன் சன்னதியில் ஆயா கையைப் பிடித்துச் சத்தியம் செய்தானே, அந்தச் சத்தியத்தை அவன் கடைசிவரைக்கும் மீறவில்லை. பிராந்தியைத் தொடவே இல்லை. பீர் குடித்தான். அதைக் கொண்டுவந்து கொடுத்தது நான். ஸ்டாஃப் கோட்டாவில் மாதம் இரண்டு கேஸ் கிடைக்கும். அது போதாமல், வாங்காத ஆட்களின் பங்கையும் கேட்டு வாங்கி, பஸ்ஸில் பையில் வைத்துக் கொண்டுவந்து அவன் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தம்பி வெளியே போய் ரோட்டில் விழாமல் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "பீர்தானே" என்றேன்.

எனக்குக் கணக்குத் தெரியும், சின்னா. நான் அந்த லைனில் நின்றவன். ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை. 650 மில்லி பாட்டிலில் அது 52 மில்லி. இரண்டு பாட்டில் குடித்தால் 104. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, 42.8 சதவீதம், அதில் 77தான். அவன் ஒரு நாளைக்கு நாலு பாட்டில் குடித்தான். இந்தக் கணக்கை நான் அவனிடம் ஒரு நாளும் போட்டுக் காட்டவில்லை. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பிராந்திதான் பிள்ளையைக் கொன்றது என்று ஆயா இன்றைக்கும் சொல்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நல்ல பீரா கம்பெனி பீரா என்று உன்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடுவேன், எனக்கு அது இஷ்டம். ஆனால் ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உன் டேங்க் சீட்டில் ஒன்றில் 8.2 என்று எழுதியிருந்தது, படித்தேன்.

பெங்களூரில் கிளம்பின அன்றைக்குக் காலையில், ஆறரை இருக்கும், அம்மா கொடுத்த காபி டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். குளிருது என்றாய். சித்திரை மாதம், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா டம்ளரை எப்படிப் பிடிப்பான் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சின்னப் பையனாக இருக்கும்போது அதேபோலப் பிடித்துக் காட்டி அடி வாங்கியிருக்கிறாய்.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஸ்டேஷன்வரைக்கும் பார்லியையும் அரிசியையும் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். பிருந்தாவன் கிளம்பினதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறாய்? வேலைக்காக ருசி பார்ப்பதையும் சேர்த்துச் சொல். கையில் நடுக்கம் இருந்தால் ஒரே நாளில் நிறுத்தாதே, சித்தப்பா அப்படி நிறுத்தித்தான் ராத்திரியெல்லாம் பிதற்றினான். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். நான் கத்தமாட்டேன். வேலையை விடு என்று சொல்லமாட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ரயிலில் வருகிறேன், டாக்டரிடம் உன்னோடு நான் வருகிறேன், அம்மாவிடம் என்ன சொல்வது என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.

ராத்திரியில் போன் செய்யாதே. காலையில் சாப்பிட்டுவிட்டுச் செய். என் நம்பருக்கே செய்.

நைனா