ஆறாம் இலக்கமும் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு வீடியோவில் கதைத்தபோது எனக்குப் பின்னால் கதவில் தொங்கிய கோட்டை, அந்த வெள்ளைக் கரை வைத்த கறுப்புக் கோட்டை, நீ கண்டுவிட்டாய். "அப்பா, இந்த வருஷமும் வேல்ஸுக்கோ? 65 வயசில ஏன் இந்த விசர்?" என்று கேட்டாய். பேரன் அழுததால் நீ எழும்பிப் போய்விட்டாய், நானும் பதில் சொல்லவில்லை. உண்மையில் இதை நான் உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. சின்ன வயதில் உன்னையும் தம்பியையும் அம்மாவோடு விட்டுவிட்டு வருடத்தில் ஒரு வார இறுதி காணாமல் போவேன், வரும்போது கரையோரக் கடையில் வாங்கிய மிட்டாய் கொண்டுவருவேன், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இரண்டு மாதத்தில் நான் லண்டன் வந்தேன், அது உனக்குத் தெரியும். ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் ஐந்து பேர். அங்கே பழைய கறுப்பு வெள்ளை ரீவி ஒன்று இருந்தது, மேலே கம்பியை வளைத்து வைத்தால்தான் படம் தெரியும். இரவு வேலைக்குப் போகாத நாட்களில் நான் சனல் 4 பார்ப்பேன், ஆங்கிலம் பழகலாம் என்று. அந்த இலையுதிர்காலத்தில் அவர்கள் ஒரு பழைய தொடரைத் திரும்பப் போட்டார்கள். 'த பிரிசனர்', கைதி. 1967இல் முதலில் ஒளிபரப்பானது, மொத்தம் 17 அத்தியாயங்கள்.

தொடக்கக் காட்சியில் ஏறக்குறையப் பேச்சே இல்லை. இடி இடிக்கிறது. ஒரு மனிதர் சின்ன லோட்டஸ் காரில் வேகமாக வருகிறார், நிலத்துக்குக் கீழே ஒரு நீண்ட நடையால் போகிறார், ஓர் அதிகாரியின் மேசையில் குத்திக் கத்தி ராஜினாமாக் கடிதத்தை எறிகிறார். வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கும்போது சாவித் துவாரத்தால் புகை வருகிறது, மயங்கி விழுகிறார். கண் விழித்து ஜன்னல் திரையை உயர்த்தினால் வெளியே லண்டன் இல்லை. வேறொரு ஊர். அதற்குப் பெயர் கிடையாது, 'கிராமம்' மட்டும்தான். அங்கே எல்லோருக்கும் இலக்கம். இவர் ஆறாம் இலக்கம். ஊரை நடத்துபவர் இரண்டாம் இலக்கம், அவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு புது ஆளாக மாறிக்கொண்டே இருப்பார். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நீர் ஏன் வேலையை விட்டீர்? அதைச் சொல்லும். இவர் சொல்லமாட்டார். 17 அத்தியாயமும் இதுதான் கதை.

பிள்ளை, அந்த நேரம் அகதி விசாரணையில் என்னையும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் விட்டு வந்தாய்? எப்போது விட்டாய்? யாருடன் வந்தாய்? கையில் ஓர் இலக்கம் எழுதிய காகிதம், அந்த இலக்கத்தைச் சொன்னால்தான் என்னுடைய கோப்பு வரும், பெயரைச் சொன்னால் வராது. கேட்டவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள், தேத்தண்ணியும் தந்தார்கள். கிராமத்திலும் அப்படித்தான், எல்லோரும் சிரித்துச் சிரித்துத்தான் கேட்பார்கள். ஆறாம் இலக்கத்தார் "நான் இலக்கம் இல்லை" என்று கத்தும்போது மற்ற நான்கு பேரும் நித்திரை. நான் மட்டும் போர்வைக்குள் எழும்பி இருந்தேன்.

இன்னொரு கேள்வியும் அதில் வரும். கைதிதான் கேட்பார்: நீங்கள் எந்தப் பக்கம்? பதில் வராது. எங்கள் ஆக்களுக்கு இந்தக் கேள்வியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரில் அந்த வருடங்களில் நீ எந்த இயக்கம் என்று கேட்பார்கள், லண்டனில் கடைக்குப் போனாலும் அதே கேள்வி வேறு மாதிரி வரும். ஓர் அத்தியாயத்தில் ஆறாம் இலக்கத்தார் யார் கைதி, யார் காவலாளி என்று கண்டுபிடிக்க ஒரு வழி யோசிப்பார். அதட்டினால் யார் பணிகிறாரோ அவர் கைதி, யார் நிமிர்ந்து நிற்கிறாரோ அவர் காவலாளி. அப்படிப் பார்த்துப் பார்த்து ஆள் சேர்ப்பார், தப்புவதற்கு எல்லாம் சரியாக வரும், கடைசியில் சேர்ந்தவர்களே அவரைக் கைவிட்டுவிடுவார்கள். ஏன் தெரியுமா? அவருடைய நிமிர்வைப் பார்த்து அவரையே காவலாளி என்று நினைத்துவிடுவார்கள். இதை எழுதியவர்கள் எங்கள் ஊரைக் கண்டதே இல்லை. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

இனி அந்த ஆக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ கேட்டதும் அதைத்தான்.

நான் வேலை செய்த பண்டகசாலையில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார், அதிகம் கதைக்கமாட்டார். அவருடைய கோட்டில் ஒரு சின்ன வட்ட பட்ஜ், முன் சில்லு பெரிதாகவும் பின் சில்லு சின்னதாகவும் உள்ள பழைய காலத்துச் சைக்கிள் படம். அந்தக் கிராமத்தின் சின்னம் அது! நான் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகப் பிடித்துக் கண்ணருகில் வைத்துக் காட்டினேன், கிராமத்தில் ஆளை ஆள் பிரியும்போது செய்வது அது. மனிதர் கையில் இருந்த பெட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார். அன்று சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதைத்தோம். இந்தத் தொடருக்கென்று 1977இல் இருந்தே 'சிக்ஸ் ஒவ் வன்' என்று ஒரு ரசிகர் சங்கம் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். தொடர் எடுத்த ஊரிலேயே கூடுகிறார்கள், வா என்றார்.

அந்த ஊர் போர்ட்மெரியன். வட வேல்ஸில், டுவைரிட் ஆறு கடலில் விழும் இடத்தில். கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1925இல் கட்டத் தொடங்கி 1970கள் வரைக்கும் கட்டிக்கொண்டே இருந்தார். எங்கெங்கோ இடிக்கப்போன பழைய கட்டடங்களின் துண்டுகளை வாங்கி வந்து பொருத்தினார், தூண் வரிசை ஒன்று பிரிஸ்டலில் இருந்து வந்தது. கரையில் கல்லால் கட்டிய ஒரு கப்பல் இருக்கிறது, அது மிதக்காது, எங்கேயும் போகாது. தொடரிலும் அது வரும். ஒளிபரப்பான காலத்தில் இது எந்த ஊர் என்று சனத்துக்குச் சொல்லவே இல்லை, கடைசி அத்தியாயத்தில்தான் பெயரைப் போட்டார்கள்.

நான் அதுவரை எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்திருந்தேன். ரயில் கடலை ஒட்டி ஒட்டிப் போய் மின்ஃபோர்ட் என்ற சின்ன நிலையத்தில் இறக்கிவிட்டது, மழைத்தூறலில் நடந்து போனோம், வளைவு வாசலைத் தாண்டினால் ரோஸ், மஞ்சள், நீலம், பச்சைக் கூரை என்று கும்பாபிஷேகத்துக்குப் புதுசாக வர்ணம் பூசிய கோயில் மாதிரி இருந்தது. 1967இல் இங்கிலாந்துச் சனமும் வீட்டில் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தது, தொடரை எடுத்தது கலரில் என்று அந்தக் கிழவர் சொன்னார். பிறகு ஒன்று கண்டேன். பனை. எங்கள் பனை இல்லை, தண்டில் மயிர் வைத்த ஒரு சீனத்துப் பனை, உயரமும் காணாது, ஆனால் ஓலை விசிறி மாதிரி விரிந்து, காற்றுக்கு அதே சரசரப்பு. வேல்ஸில், குளிரில். நான் அதற்குக் கீழே கனநேரம் நின்றேன். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே தொடரில் வரும் மாதிரிக் கறுப்புக் கோட்டும் வரித் தொப்பியும் போட்டு, கலர்க் குடை பிடித்து, நூற்றுக்கணக்கான ஆக்கள். ஆசிரியர்கள், பஸ் சாரதிகள், ஒரு நேர்ஸ், பள்ளிக்கூடப் பெடியள். நான் தொங்கலில் போய் நின்றேன். என்னை ஒருவர் கண்டு வந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நீ எங்கிருந்து வந்தாய் என்று இல்லை, ஏன் வந்தாய் என்று இல்லை. "கடைசி அத்தியாயம் உனக்குப் பிடித்ததா இல்லையா?" மகளே, இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லோரும் என்னிடம் தகவல்தான் கேட்டார்கள்.

என் உடைந்த ஆங்கிலத்தில் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன். அந்தக் கடைசி அத்தியாயம் அப்படிப்பட்டது. எல்லோருக்கும் மேலே இருக்கும் முதலாம் இலக்கம் யார் என்று ஊரே காத்திருந்தது. முகமூடியைக் கழற்றினால் குரங்கு முகம், அதையும் கழற்றினால் ஆறாம் இலக்கத்தாரின் சொந்த முகம். ஒரு பக்கம் பீட்டில்ஸ் பாட்டு, ஒரு பக்கம் துப்பாக்கிச் சூடு. 1968 பெப்ரவரியில் அது போனபோது சனம் ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தது, கொஞ்சக் காலம் தலைமறைவாக இருக்க வேண்டி வந்தது என்று பற்றிக் மகூஹன் பிறகு சொன்னார். தொடரை உருவாக்கி, நடித்து, சில அத்தியாயங்களை எழுதி இயக்கியவரும் அவர்தான். ஆறாம் இலக்கத்தார் தன் பிறந்த நாள் 1928 மார்ச் 19 என்று சொல்வார், அது மகூஹனுடைய சொந்தப் பிறந்த நாள். இதெல்லாம் எங்கள் ரசிகர் ஆக்களுக்கு மனப்பாடம். 1977இல் உங்கள் ஒன்ராறியோத் தொலைக்காட்சியில் அவர் நீண்ட நேரம் கதைத்திருக்கிறார், தேடிப் பார். 2009 ஜனவரியில் அவர் இறந்த செய்தி கேட்டு நான் கடையை அரை நாள் பூட்டினேன். நீ அப்போது யூனியில், உனக்குச் சொல்லவில்லை.

எனக்கு அந்த முடிவு பிடிக்கும். அவர் லண்டன் வீட்டுக்குத் திரும்பி வருவார், கதவு தானாகத் திறக்கும், கிராமத்துக் கதவுகள் திறந்த மாதிரியே. தப்பிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்த மனிதருக்கு அந்தச் சத்தம் கேட்குமே, அதை நான் அறிவேன். குடியுரிமை கிடைத்த அன்றும் எனக்குக் கதவு அப்படித்தான் திறந்தது.

சின்னச் சின்ன விஷயத்துக்கு அவர்கள் பிடிக்கும் சண்டைதான் எனக்கு மிகவும் விருப்பம். இரண்டாம் அத்தியாயத்தில் இருந்து பெரும்பாலான அத்தியாயங்களின் தொடக்கத்தில் முதலாம் இலக்கம் யார் என்று அவர் கேட்க, ஒரு குரல் "நீர் ஆறாம் இலக்கம்" என்று சொல்லும். ஆனால் ஆங்கிலத்தில் நடுவில் ஒரு மூச்சு விட்டால் அதே சொற்கள் "நீர்தான், ஆறாம் இலக்கமே" என்று ஆகிவிடும். கேட்ட கேள்விக்கு விடை தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று! அந்த மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதற்கு விடியும்வரை கதைத்த இரவுகள் இருக்கின்றன. எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று, ஏனென்றால் எட்டாவதாகப் போன அத்தியாயத்தில் அவர் தான் புது ஆள் என்கிறார். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பட்டியல், என்னிடமும் ஒன்று உண்டு, பழைய டயறியில். தப்ப ஓடுபவர்களைத் துரத்திப் பிடிக்கும் வெள்ளைப் பந்து ஒன்று வரும், ரோவர் என்று பெயர். முதலில் அதற்கென்று ஒரு வண்டி செய்தார்களாம், அது சரிவராமல் போக வானிலை பலூனைப் பிடித்துப் போட்டார்களாம். வெறும் பலூன். அதைப் பார்த்து இன்றைக்கும் எனக்கு வயிறு இறுகும்.

ஆனால் நான் போவது சதுரங்கத்துக்காக. தொடரில் புல்வெளியில் மனிதர்களையே காய்களாக நிறுத்தி ஆடுவார்கள், ஆறாம் இலக்கத்தார் வெள்ளை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய். ரசிகர்கள் அதையே அந்த ஊரில் திரும்ப ஆடுகிறார்கள், தொப்பியும் தடியும் எல்லாம் வைத்து. முதல் வருடம் என்னைக் கட்டத்தில் நிறுத்தப் பார்த்தபோது நெஞ்சில் குத்த ஓர் இலக்க பட்ஜ் நீட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, கை நடுங்கியது. அந்தப் பண்டகசாலைக் கிழவர் தன் கோட்டில் இருந்ததைக் கழற்றி எனக்குக் குத்தினார். சைக்கிள் மட்டும், இலக்கம் இல்லை. ஆறாம் இலக்கத்தாரும் முதல் அத்தியாயத்திலேயே பட்ஜைக் கழற்றி எறிந்தவர்தானே, உனக்கு அது வேண்டாம் என்றார். அன்று தொடங்கி நான் இலக்கம் குத்துவதில்லை, ஒருவரும் கேட்பதும் இல்லை. கிழவர் 1996இல் போய்விட்டார். பட்ஜ் என் கோட்டில்தான் இருக்கிறது, அடுத்த முறை வீடியோவில் கிட்டக் காட்டுகிறேன்.

அம்மா ஒருமுறை வந்தவள். தொடர் அவளுக்குத் துளியும் பிடிக்காது, ஆனால் அங்கே பூமரங்களுக்கு நடுவில் ஒரு நாள் முழுக்க இருந்தாள். அவளுக்கும் அந்தப் பனையைக் காட்டினேன்.

சரி. நீ வசந்தத்தில் வருகிறேன் என்றாய் அல்லவா. பேரனையும் கூட்டிக்கொண்டு வா, லண்டனில் இருந்து ரயிலில் போவோம், அந்தக் கடலோரப் பகுதியை அவன் ஜன்னலால் பார்க்கட்டும். தொடரைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று இல்லை, இரண்டாம் அத்தியாயம் மட்டும் பார், அந்த மூச்சைக் கவனித்துக் கேள், இருக்கிறதா என்று எனக்குச் சொல். சதுரங்கத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டத்தைக் கேட்டு வைக்கிறேன். வெள்ளைப் பக்கமா கறுப்பா என்று மட்டும் எழுது. குளிருக்கு நல்ல சப்பாத்து கொண்டுவா, புல் ஈரமாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா