சிர்காவுக்கு நாலு சப்பாத்து

வினிபெக்,
சனவரி 19, ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. உறையைப் பிரித்ததும் கோணேசர் கோயில் திருநீறு மடியெல்லாம் கொட்டிவிட்டது. மடிப்பில் மிச்சமிருந்ததைத் தட்டி ஒரு சின்னப் பேணியில் போட்டு வைத்திருக்கிறேன். நான் கடைசியாக எழுதியது ஆவணியில் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான். ஐந்து மாதம். போனில்தானே கதைக்கிறோம் என்று இருந்துவிட்டேன். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்பீர்கள், நான் "ஓம்" என்பேன், அதற்குள் லைன் போய்விடும். கடிதமென்றால் நீங்கள் சாமியறையில் வைத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பீர்கள் என்று தெரிந்தும் எழுதாமல் விட்டது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் உன் பிள்ளை நாய் மேய்க்கிறான் என்று மாமா சொன்னதைக் கேட்டு நீங்கள் இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டதாகத் தங்கச்சி குட்டி எழுதியிருந்தாள். அதனால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இதையே எழுதுகிறேன். மாமா பொய் சொல்லவில்லை. வேலையில்லாத நாட்களில் நான் இரண்டு நாய்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் இது என்ன மாதிரியான வேலை என்று அவருக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும்.

முந்திப் பெடியங்களோடு இருந்த வீடு தூரமென்று ஐப்பசியில் இடம் மாறினேன் அல்லவா, இப்போது இருப்பது ஒரு ஆச்சியின் வீட்டுக் கீழ்த்தளம். எண்பத்திரண்டு வயது. அவரின் தாய் தகப்பன் உக்ரைனிலிருந்து வந்தவர்கள். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. அவர்களின் மொழியில் அம்மம்மாவைப் "பாபா" என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பாபா என்னைக் கூப்பிடுவது ஊன்றுகோலால். ஒரு தட்டுத் தட்டினால் நாயைக் கூட்டிப் போக வேண்டும், இரண்டு தட்டினால் மேலே வந்து சாப்பிட வேண்டும். இரண்டு தட்டு விழுந்தும் நான் போகாவிட்டால் மூன்றாவது தட்டில் என் மின்குமிழ் ஆடும்.

டிசம்பரில் அவர் வாசல் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரின் நாய்க்குப் பெயர் சிர்கா. நட்சத்திரம் என்று அர்த்தமாம். பதினொரு வயது, குட்டையான மயிர், ஒல்லியான கால். "நான் கூட்டிப் போகிறேன் பாபா" என்று நானாகத்தான் கேட்டேன். அதற்கு அவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

முதல் நாள் நான் செய்ததை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அன்று சைபருக்குக் கீழே 24 பாகை. ஊரில் நம் நாய் ஜிம்மியைக் கூட்டிக்கொண்டு போவது போல ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு தெரு தாண்டியதும் சிர்கா முன்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு மற்றக் கால். பிறகு பனிமேலே இருந்துவிட்டது. பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்து நான் கயிற்றை இழுத்தேன். அம்மா, அது என் முகத்தைப் பார்த்து முனகிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதுதான் விளங்கியது. தூக்கி ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தேன். பாபா ஏசவில்லை. ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, இடது கையால் அதன் கால்களை ஒவ்வொன்றாக நனைத்தார். சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது, உறைந்த தோல் உரிந்துவிடும் என்றார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நம் வீட்டில் மீன் போட்டு வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் சைபருக்குக் கீழே 18 பாகை இருக்கும். இங்கே இந்தக் கிழமை வெளியில் 30. அந்தப் பெட்டிக்குள் வெறுங்காலோடு நடப்பதை விட மோசம். காற்றும் சேர்ந்தால் இன்னும் கடுமை. காற்றோடு சேர்த்துக் கணக்குப் பார்த்து 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் உறைந்துவிடும் என்று அரசாங்கமே அறிவிக்கிறது. நாய்க்கு முதலில் போவது காது நுனி, வால் நுனி, பாதம். நம் ஊர் வாடைக்காற்றையே குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மார்கழியில் விடியப்புறம் அங்கே சைபருக்கு மேலே 24 பாகை இருக்கும். அது இவர்களுக்குக் கோடை.

அதனால் இப்போது சிர்காவுக்கு நாலு சப்பாத்து. சிரிக்காதீர்கள், உண்மையாகவே நாலு காலுக்கும் நாலு. உள்ளே மேஸ் மாதிரி மெத்தென்ற துணி, அடியில் ரப்பர், மேலே ஒட்டுப் பட்டி. இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாது, தளர்த்திக் கட்டினால் பனிக்குள் கழன்று விழுந்துவிடும். முதலில் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கி வைத்தது. இப்போது பழகி, சப்பாத்துப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே காலை நீட்டுகிறது. உடம்புக்குக் கம்பளிச் சட்டை. பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் வெயில் பார்த்துக் கிளம்புவேன். பத்து நிமிடம், கூடினால் பதினைந்து. 25க்குக் கீழே போனால் வாசலடியில் அலுவலை முடித்துக்கொண்டு உள்ளே.

குளிரை விட உப்புக்குத்தான் நான் பயப்படுவது. வழுக்காமல் இருக்க வாசலிலும் நடைபாதையிலும் உப்புக் கொட்டுவார்கள். கடும் குளிரில் உப்பும் ஐஸை உருக்காது, அப்போது மணல் கொட்டுவார்கள். உப்பு பாத வெடிப்புக்குள் போனால் எரியும், நக்கினால் வயிற்றைப் பிரட்டி வாந்தி வரும். சப்பாத்துப் போடாத நாளில் தேன்மெழுகு சேர்ந்த களிம்பைப் பாதத்தில் பூசிவிடுவேன். திரும்பி வந்ததும் விரலிடுக்குகளைக் கழுவித் துடைக்காமல் நான் என் ஜக்கெட்டைக் கழற்றுவதில்லை. கார்களிலிருந்து சொட்டுகிற கூலன்ட் தண்ணி இன்னும் பொல்லாதது. அது இனிக்குமாம். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். இங்கே இரவில் கார் எஞ்சினையும் கரண்டில் மாட்டித்தான் சூடாக வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு காரின் மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும். அந்த இடங்களைக் கண்டால் கயிற்றைக் கிட்டப் பிடித்துக்கொள்வேன்.

மற்ற நாய் பக்கத்து வீட்டு ஹஸ்கி, லூனா. அதற்குத்தான் எனக்குக் காசு தருகிறார்கள். இந்தக் குளிருக்கென்றே பிறந்தது. பனியில் உருண்டு படுத்தால் எழும்பவே மனம் வராது. ஆனாலும் அதன் விரல்களுக்கிடையில் உள்ள மயிரில் பனி கட்டி கட்டியாக ஒட்டி, செருப்புக்குள் கல் போல உறுத்தும். நடுவழியில் நின்று, கையுறையைக் கழற்றி, என் விரல் சூட்டில் அதை உருக்கி எடுக்க வேண்டும். லூனா அவ்வளவு நேரமும் ஆடாமல் நிற்கும். பனி வாசத்தையெல்லாம் மூடிவிடுவதால் கயிறு கைநழுவினால் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. அதனால் கழுத்தில் கட்டாமல் நெஞ்சோடு மாட்டுகிற வார் போட்டிருக்கிறேன். என் சப்பாத்துக்கு அடியிலும் இரும்பு முள் மாட்டியிருக்கிறேன். கையைப் பொக்கற்றுக்குள் விடாமல், வாத்து மாதிரிக் குட்டி அடி வைத்து நடப்பேன். நான் விழுந்துவிடுவேன் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அப்பா இருந்திருந்தால் ஆற்றைப் பற்றி அவருக்குச் சொல்லியிருப்பேன். ரெட் ரிவர் என்ற பெரிய ஆறு முழுக்க உறைந்து கிடக்கிறது. அதன்மேல் ஆட்கள் குடில் அடித்து, ஐஸில் துளை போட்டு, தூண்டிலோடு இருக்கிறார்கள். லூனா அங்கே ஓடத்தான் துடிக்கும், நான் விடுவதில்லை. நீரோட்டம் கடுமையான இடத்திலும் கான் தண்ணீர் வந்து விழுகிற இடத்திலும் ஐஸ் மெல்லிசாக இருக்கும், மேலே பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மேல் தண்ணியைப் பார்க்காதே, அடியில் ஓடுகிற நீவாட்டைப் பார் என்று அப்பா சொல்வது கரையில் நிற்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அங்கே பிடிபடுகிற பிக்கரல் என்ற மீனை வாங்கிப் புளி விட்டுச் சமைத்தேன். முள் குறைவு, சதை வெள்ளை. ஆனால் கடல்மீன் இல்லை அம்மா. நம் பாரையின் ருசிக்கு எங்கே போவது.

பாபாவுக்கு நத்தார் சனவரியில்தான். இப்போது பலர் டிசம்பருக்கு மாறிவிட்டார்களாம், அவர் மாறவில்லை. 6ஆம் திகதி இரவு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். பன்னிரண்டு கறி, ஒன்றிலும் இறைச்சி இல்லை, நம் விரதம் மாதிரி. உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை கூட இருந்தது. வானத்தில் முதல் வெள்ளி தெரிந்த பிறகுதான் சாப்பிடலாம் என்று என்னையும் சிர்காவையும் வாசலுக்கு அனுப்பினார். வெள்ளியைக் கண்டு சொல்லிவிட்டு உள்ளே வந்தால், மேசையில் மூன்று கோப்பை. மூன்றாவது இறந்துபோன கணவருக்காம். கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் போட்டுக் கிளறிய ஒன்றை முதலில் அந்தக் கோப்பையில் வைத்தார். முந்தித் தோட்டத்தில் இருந்த காலத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் இதில் ஒரு பங்கு கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம். அவருக்கு இப்போது சிர்கா மட்டும்தான்.

நான் அப்பாவை நினைத்தேன். நீங்கள் படைத்துவிட்டுக் காகத்துக்கு வைக்கிற சோற்றை நினைத்தேன். அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்று எடுத்த படத்தில் தம்பி ஈர வேட்டியோடு நிற்கிறான், நான் நிற்க வேண்டிய இடம். அன்று இரவு கீழே வந்து கனநேரம் நித்திரை வரவில்லை. திருவெம்பாவைக்கு அப்பாவோடு இருட்டில் போவோமே, ஜிம்மியும் பின்னால் வருமே. கோட்டை வாசலில் மான்களைக் கண்டதும் நின்றுவிடும். நாங்கள் கோணேசரைக் கும்பிட்டுச் சுவாமிமலையிலிருந்து திரும்பி வரும் வரைக்கும் மழையில் அதே இடத்தில் நனைந்துகொண்டு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் அதை ஏசிக்கொண்டே பழைய சாக்கால் துடைத்து, அடுப்படியில் சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் விடுவீர்கள். நாய்க்கு எப்படி ஆதரவு செய்வது என்று எனக்குப் பாபா மட்டும் சொல்லித் தரவில்லை அம்மா.

இங்கே பின்னேரம் ஆறரை என்றால் அங்கே விடிய ஆறு மணி. அந்த நேரம் நான் சிர்காவை வாசலடிக்கு விட்டு எடுத்து, அதன் காலைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, வீட்டு அலுவலுக்கு வருகிறேன். கடலில்லாத மாரி மாதிரி, இங்கேயும் இந்த மாதங்களில் வேலை குறைவு, மூன்று நாள்தான். வேறொன்றும் இல்லை. ஜக்கெட்டும் சப்பாத்தும் வாங்கியதால் போன மாதம் காசு குறைந்துவிட்டது. மாசியில் வருகிற அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், தை முடிவதற்குள் குட்டியின் கணக்குக்கு வரும். ஐயருக்கும் சாப்பாட்டுக்கும் யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம், மாமாவிடம் வேண்டவே வேண்டாம். தம்பியே செய்யட்டும்.

படகு எஞ்சினை விற்கிற கதையை விடுங்கள். பெரியப்பா கேட்கிற விலைக்கு அது போகக் கூடாது. பங்குனியில் கடல் அடங்கியதும் தம்பி இறக்குவான். அதுவரை உப்புக்காற்றுப் படாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள், எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுங்கள். குசினிக் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று குட்டி எழுதியிருந்தாள். இந்த மாரிக்கு ஒரு படங்கைக் கட்டிச் சமாளியுங்கள், சித்திரைக்குள் மாற்றிவிடலாம். குட்டியின் சம்பந்தம் பற்றி நிலாவெளிக்காரர் மறுமொழி சொன்னார்களா? காணி உறுதியின் பிரதி கேட்டால் கொடுங்கள், மூல உறுதியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

ஜிம்மிக்கு விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருடம் போட்டாயிற்றா? சுகாதாரப் பகுதியினர் தெருவுக்கு வந்து இலவசமாகப் போடும்போது தம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அதற்கும் வயது போய்விட்டது. மழை நிற்கும் வரைக்கும் இரவில் வெளி விறாந்தையில் விடாதீர்கள். சாக்கு நனைந்திருந்தால் என் பழைய சாரம் ஒன்று அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

மேலே ஒரு தட்டுக் கேட்டுவிட்டது. போய்விட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்.