மகள் எடுக்கும் படம்

அன்புள்ள செல்வி,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடச் சொல்.

இங்கே வீட்டில் ஒரே பேச்சு, மகள் கயல் எடுக்கும் ஆவணப்படம்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு. வீட்டுப் பணிப்பெண்கள் படும் கொடுமையைத்தான் எடுப்பேன் என்று நிற்கிறாள்.

2016-ல் இங்கே சிங்கப்பூரில், பீஷானில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். நம்மவர் வீடுதான். மியன்மாரிலிருந்து வந்த 24 வயதுப் பெண், சாகும்போது எடை 24 கிலோ. முதலாளியம்மாவுக்கு 2021-ல் 30 ஆண்டுச் சிறை. அந்த வீட்டில் கேமரா இருந்ததடி! கடைசி 35 நாள் அடியும் பட்டினியும் அதில் பதிவாகியிருந்தன. அவள் செத்த பிறகுதான் அது சாட்சியாயிற்று.

போன மாதம் கயலோடு பெனின்சுலா பிளாசா கடைத்தொகுதிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதி மியன்மாரே கூடியிருக்கும். 2023-லிருந்து பணிப்பெண்களுக்கு மாதத்துக்கு ஒரு நாளாவது விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும், அதற்குப் பதில் பணம் கொடுத்துத் தப்பிக்க முடியாது. அந்த நாளும் இல்லையென்றால் இவர்களிடம் யார், எங்கே பேசுவது? ஒரு பெண் மனம்விட்டுப் பேசினாள். கேமராவை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை அனுமதி முதலாளி கையில். அவர் ரத்து செய்தால் ஊருக்குப் போகவேண்டியதுதான், ஊரில் கடன் காத்திருக்கிறது.

முகம் இல்லாவிட்டால் படத்தில் உயிர் இருக்காது என்கிறாராம் ஆசிரியர். எனக்கு அது பிடிக்கவில்லை. நிஷா பஹுஜாவின் ‘டு கில் எ டைகர்’ ஆவணப்படம் பார்த்தாயா? ஜார்க்கண்டில் 13 வயதுச் சிறுமியை மூன்று பேர் சீரழித்தார்கள். அவர்களில் ஒருவனுக்கே கட்டிவைக்கச் சொன்னது ஊர். விவசாயியான அப்பா மசியாமல் வழக்கு நடத்தினார், மூவருக்கும் 25 ஆண்டுச் சிறை கிடைத்தது. 18 வயதான பிறகு அந்தப் பெண்ணே படத்தைப் பார்த்து, முகத்தைக் காட்டச் சம்மதித்தாள். 2024-ல் ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கயலுக்கு இருப்பது ஒரு செமஸ்டர்!

அதனால் குரல் மட்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். படத்தை ஒப்படைப்பதற்கு முந்தின நாள்கூட அந்தப் பெண் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை நீக்கிவிடுவாளாம். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். கயலின் அப்பாவுக்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.

அப்புறம், உன் தம்பி இன்னும் ஒலிப்பதிவு வேலையில்தானே இருக்கிறான்? அடையாளம் தெரியாமலிருக்கக் குரலை மாற்றினால் ரோபோ பேசுவது மாதிரி இருக்கிறது. அந்தப் பெண் சொன்னதை வேறொரு பெண்ணைப் பேசவைப்பது நல்லதா என்று கேட்டுச் சொல். சீக்கிரம் வேண்டும்.

அன்புடன்,
மாலதி